உறைந்த மணல்

இதற்கு மணல்பெட்டி என்று பேர் வைத்தவன்
ஓவுலுவில் ஒரு நவம்பரைப் பார்த்ததில்லை.
நல்லிகாரிக் கடற்கரையில் இப்போது
மணலைத் தோண்டக் கடப்பாரை வேண்டும்.

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
துறைமுகத்தில் கண்டெய்னர்களை எடைபோட்டுத் திரும்பி
காலுறையைக்கூடக் கழற்றாமல்
உலாவிக்கான விதிக்கோப்பைத் திறக்கிறேன்.
கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து.
வரிக்கு ஒரு கட்டளை.

எல்லாம் ராகெலால் வந்தது.
பக்கத்து மேசைக்காரி.
சரக்கு ரசீது என்று எதையோ அமுக்கினாள்,
காபி ஆறுவதற்குள்
வரிக்கணக்கு, நாயின் தடுப்பூசிச் சீட்டு, விவாகரத்துத் தாள்,
அதற்கு முந்திய கல்யாணப் படங்கள்
ஒன்றுவிடாமல் பூட்டிக்கொண்டன.
கல்யாணம் போனால் போகிறது என்றாள்.
நாய்க்குத்தான் அழுதாள்.

ஆகவே, உலாவியே,
இன்றுமுதல் உனக்கு என் வீடு தெரியாது.
நீ கண் விழிக்கும்போது அலமாரிகள் காலி,
சுவரில் ஆணிகூட இருக்காது.
இங்கே யாரும் இன்னும் குடிவரவில்லை என்று நம்புவாய்,
மூடியதும் அந்த நம்பிக்கையும் அழிந்துவிடும்.
இறக்கியதை வைக்க ஒரே ஒரு கோப்புறை,
அதுவும் நான் காட்டிய மூலையில்.
கேமரா இல்லை.
மைக் இல்லை.
ஒலியை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை,
கை போன வேகத்தில் அதுவும் இல்லை.

முதல் முறை எழுத்துருக்களையும் சேர்த்து அடைத்துவிட்டேன்.
வானிலைப் பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள்.
எத்தனை கட்டம் குளிர் என்று எண்ணிப் பார்த்தேன்.
இரண்டாம் முறை வங்கி
என்னை யாரென்றே தெரியாது என்றது.
மூன்றாவதில் எல்லாம் சரியாக இருந்ததுபோல் இருந்தது.

ஆறு மணிக்கு இனாரியிலிருந்து இல்போ.
அண்ணன் அனுப்பிய சுட்டிதானா என்று
இரண்டு தரம் பார்த்துவிட்டு அமுக்கினேன்.
வாரம் ஒருமுறை, பதினொரு வருடமாக,
ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் பேசுகிறோம்.
பனிவண்டி, அவன் முழங்கால், என் சம்பளம்.
இன்று அவனுக்கு நான் ஒரு கறுப்புக் கட்டம்,
எனக்கு அவன் சத்தமில்லாத ஒரு வாய்.

கொஞ்ச நேரத்தில் வாயும் நின்றது.
அப்புறம்தான் பார்த்தேன்.
தேநீரை வலது கையால் கலக்குகிறான்.
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
அதே கையால் கோப்பையை எடுக்கிறான்.
இடது கை மேசைக்கு மேலே வரவே இல்லை.
பின்சுவரில் வலை,
ஏப்ரலில் தொங்கிய அதே மடிப்பில்.
கோடை முழுக்க இத்தனை கிலோ வெண்மீன், அத்தனை கிலோ என்று
கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தானே.

ஒரு தாளை எடுத்து எழுதுகிறான்.
தாள் நழுவுகிறது,
மோவாயால் அழுத்திக்கொண்டு எழுதுகிறான்.
தூக்கிக் காட்டுகிறான், கோணல் எழுத்தில்:
தூவி, கேட்கவில்லையா?

விதிக்கோப்புக்குத் திரும்பினேன்.
ஒரு வரிக்கு முன்னால் வேலிபோல ஒரு குறி இட்டால்
அந்த வரி தூங்கிவிடும்.
தடை தூங்கினால் வழி திறக்கும்.
ஒலிக்கு ஒரு வேலி. மைக்குக்கு ஒரு வேலி.
கேமரா வரியில் கை சற்று நின்றது.
என் முகம் இப்போது எப்படி இருக்கிறதோ,
அது அடைத்தே கிடக்கட்டும்.

சேமித்து, மூடி, திறந்தேன்.
மறுபடி அதே காலி வீடு,
மறுபடி எல்லாம் மறந்த உலாவி.
“உன் கணினிக்கு என்னதான் ஆச்சு?” என்றான்,
உடனே பனிவண்டியைப் பற்றி ஆரம்பித்தான்.
நான் குறுக்கே ஏறவில்லை.
அவன் மூச்சு வாங்கும் இடம்வரை காத்திருந்தேன்.

இல்போ, இடது கையைக் காட்டு.

எத்தனை நேரம் என்று தெரியாது.
முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும்
விதிகளை மறுபடி படித்து முடித்தேன்.
ஒலி திறந்துதான் இருக்கிறது.